பெரிய டயர் போட்ட பிறகு பின்னால் ‘டிக் டிக்’ சத்தம்: எது உரசுகிறது?

பொங்கோல் சக்கரம்
செவ்வாய், இரவு 10.40

வணக்கம். நான்கு நாளாக ஒரு சத்தத்தின் பின்னால் அலைந்துகொண்டிருக்கிறேன். இங்கே சைக்கிளைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் பலர் இருப்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

பழைய ரயில் தடத்தில் அமைந்த நம் சிங்கப்பூர் ரயில் காரிடாரில் ஓட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அதற்காகவே 28 மி.மீ. டயர்களைக் கழற்றிவிட்டு, ஓரங்களில் சிறு குமிழ்கள் உள்ள 35 மி.மீ. டயர்களைப் போட்டேன். சைக்கிளுக்கு ஏறக்குறையப் பத்து வயது. அலுமினிய ஃபிரேம், டிஸ்க் பிரேக், முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் பதினொன்று. 35 வரை போடலாம் என்று கையேட்டிலேயே இருக்கிறது.

டயர் மாற்றிய அன்று புளோக்கின் கீழ்த்தளத்தில் நான்கு சுற்று ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. மறுநாள் பொங்கோல் நீர்வழியை ஒட்டிப் போகும்போது, வேகமெடுத்ததும் பின்னாலிருந்து ‘டிக் டிக் டிக்’. வேகம் கூடினால் சத்தமும் நெருக்கமாக வருகிறது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் பல முறை கேட்கிறது. மிதிப்பதை நிறுத்தினாலும் நிற்பதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து, சைக்கிளைத் தூக்கிப் பிடித்துக் கையால் சுழற்றினால் சத்தமே வருவதில்லை.

அருகில் ஒரு கடையில் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் “டயர் பெரிது, பழையதையே போட்டுக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டார்கள். டயரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் வெளிச்சம் தெரிகிறதே, பிறகு எது உரசுகிறது? டயரை மாற்றத் தயார்தான், ஆனால் காரணம் தெரியாமல் மாற்ற மனம் வரவில்லை.

ஜூரோங் ஸ்போக்
செவ்வாய், இரவு 11.15

முதலில் அச்சைப் பாருங்கள். சைக்கிளை இரண்டு சக்கரமும் தரையில் படும்படி நிறுத்தி, சீட்டை ஒரு கையால் அழுத்திக்கொண்டு அச்சை மறுபடி இறுக்குங்கள். தூக்கிப் பிடித்தபடி இறுக்கினால் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடும். அச்சு முனையில் அரை மி.மீ. சாய்ந்தால் டயரின் ஓரத்தில் அது இரண்டு மடங்குக்கு மேலாகத் தெரியும்.

அடுத்தது டயர் ரிம்மில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பது. டயரின் அடியோரத்தில், ரிம்முக்குச் சற்று மேலே, மெல்லிய கோடு ஒன்று சுற்றிலும் ஓடும். அந்தக் கோடு எல்லா இடத்திலும் ரிம்மிலிருந்து ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் உள்ளே புதைந்திருந்தால் அங்கே டயர் கோணலாக நிற்கும்.

சக்கரத்தைச் சுழற்றும்போது டயருக்கும் ஃபிரேமுக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம்மிலோ டயரிலோ கோணல். சுற்று முழுவதும் ஒரே அளவாக இருந்து, இடப்பக்கமும் வலப்பக்கமும் மட்டும் வேறுபட்டால் அச்சிலோ ஃபிரேமிலோ கோளாறு. இதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பொங்கோல் சக்கரம்
புதன், காலை 7.05

பார்த்துவிட்டேன். அச்சைத் தரையில் வைத்தே இறுக்கினேன். கோடு சுற்றிலும் ஒரே சீராக இருக்கிறது. சக்கரம் ஆடவில்லை. இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமம். வேலைக்குப் போகும் வழியில் அதே ‘டிக் டிக்’.

கிழக்குக்கரைக் காற்று
புதன், காலை 8.30

இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. எனக்கும் இப்படித்தான் இருந்தது. ஓரக் குமிழ்களைக் கத்தியால் சீவிவிட்டேன், சத்தம் போய்விட்டது. ஒரு நண்பர் ஃபிரேமின் உட்பக்கத்தையே அரத்தால் கொஞ்சம் ராவிக்கொண்டார். 2 மி.மீ. இடைவெளி இருந்தால் தாராளம்.

தேக்கா பழுதாளர்
புதன், பிற்பகல் 1.20

ஃபிரேமை ராவும் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முப்பது ஆண்டுகளாகச் சைக்கிள் பழுது பார்க்கிறேன். பின் சக்கரத்தின் இருபுறமும் போகும் அந்தக் கீழ்க்குழாய்கள்தான் மிதிக்கும் விசையை முழுவதும் தாங்குகின்றன. குழாயின் சுவரே ஓரிரு மி.மீ. தடிமன்தான். அதில் அரை மி.மீ. ராவினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் விரிசல் தொடங்க இடம் கொடுத்தாயிற்று. கார்பன் ஃபிரேமில் அரம் பட்டால் இழையே அறுந்துவிடும்.

2 மி.மீ. தாராளம் என்பதையும் ஏற்க முடியாது. ஃபிரேம் செய்பவர்கள் பலரும் 4 முதல் 6 மி.மீ. வரை விடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எழுந்து நின்று மிதித்தால் சக்கரமும் ஃபிரேமும் வளைகின்றன. ஒரு ஸ்போக் அறுந்தால் ரிம் அங்கேயே கோணிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் ஊர் மழை. ஈர மணல் டயரில் ஒட்டிக்கொண்டு சுற்றும்போது உப்புத்தாள் மாதிரி குழாயைத் தேய்க்கிறது. பெயின்ட் போய், உலோகம் பளபளவென்று பள்ளம் விழுந்த ஃபிரேம்கள் என் கைக்கு எத்தனையோ வந்திருக்கின்றன. எல்லாம் ‘வெளிச்சம் தெரிகிறதே’ என்று ஓட்டியவை.

தம்பி, வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காதீர்கள், அளந்து பாருங்கள். வீட்டில் 4 மி.மீ. ஆலன் சாவி (அறுகோணச் சாவி) இருக்கும். டயருக்குக் காற்றை அடித்துவிட்டு, அந்தச் சாவியை டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே எல்லா இடத்திலும் நுழைத்துப் பாருங்கள். கீழ்க்குழாய்களின் உட்பக்கம், அவற்றை இணைக்கும் சிறு பாலம், சீட்டுக் குழாயின் பின்பக்கம், மேலே இரண்டு குழாய்களும் சேரும் இடம். சாவி தொடாமல் போய்வந்தால் சரி. எங்கே சிக்குகிறதோ அதுதான் உங்கள் சைக்கிளின் உண்மையான அளவு, கையேட்டில் என்ன எழுதியிருந்தாலும்.

டயரில் அச்சிட்ட எண்ணையும் முழுக்க நம்ப முடியாது. 35-622 என்றிருந்தால், 622 என்பது டயர் ரிம்மில் உட்காரும் வட்டத்தின் விட்டம். அது மாறாது. 35 என்பது, அந்த டயருக்கென்று கணக்கில் கொண்ட ரிம்மில் அது எடுக்கும் அகலம். உங்கள் ரிம்மின் உள்ளகலம் அதைவிட ஒரு மி.மீ. கூடுதலாக இருந்தால் டயர் ஏறக்குறைய 0.4 மி.மீ. விரியும். புது டயர் காற்றோடு ஓரிரு நாள் நின்றாலும் கொஞ்சம் தளர்ந்து பெரிதாகும். அதனால், மாட்டிய அன்று உரசாத டயர் மறுநாள் உரசுவதில் வியப்பில்லை.

இப்போது உங்கள் சத்தத்துக்கு வருகிறேன். ஒரு சுற்றில் பல முறை கேட்கிறது என்றால் குமிழ்கள் ஒவ்வொன்றாக எதிலோ இடிக்கின்றன. அந்தப் பொருள் மெல்லியது. குழாயில் பட்டால் ‘சர்’ என்று தேய்க்கும் சத்தம்தான் வரும். இன்னொன்றையும் கவனியுங்கள்: கையால் சுழற்றும்போது சங்கிலி முன்னால் எந்தப் பல்சக்கரத்தில் இருக்கிறது?

டயரின் பக்கச்சுவரில் முகப்பவுடரைத் தடவிவிட்டு, சத்தம் வரும் கியரிலேயே ஒரு சுற்று ஓட்டுங்கள். உரசும் இடத்தில் டயரில் பவுடர் போயிருக்கும், உரசிய பொருளில் வெள்ளை படிந்திருக்கும்.

ஈசூன் மடக்கு வண்டி
புதன், மாலை 6.10

மன்னிக்கவும், இழையின் நடுவே என் கேள்வியையும் வைக்கிறேன், இதுவும் உரசல்தான். என்னுடையது 20 அங்குல மடக்குச் சைக்கிள். எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோவதற்காக வாங்கியது. 120 × 70 × 40 செ.மீ. அளவுக்குள் மடக்க வேண்டும் என்பதால் ஹேண்டில் கீழே மடங்கும். பிரித்து ஓட்டும்போது முன் பிரேக் கேபிளும் கியர் கேபிளும் வளையம்போலத் தொங்கி முன் டயரைத் தொடுகின்றன. கியர் கேபிளின் உறை ஓரிடத்தில் தேய்ந்து உள்ளே கம்பி தெரிகிறது. இரண்டையும் சேர்த்துப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டினேன். இப்போது வலப்பக்கம் திருப்பினால் பிரேக் தானாகவே லேசாகப் பிடிக்கிறது. பயமாக இருக்கிறது.

பொங்கோல் சக்கரம்
புதன், இரவு 9.50

தேக்கா அண்ணன், கண்டுபிடித்துவிட்டேன்! பவுடர் போட்டதில் அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

சங்கிலியை முன் பல்சக்கரங்களுக்கு இடையே நகர்த்தும் முன் கியர் மாற்றியின் கேபிள்தான். சீட்டுக் குழாய்க்குப் பின்னால் கியர் மாற்றியின் கை ஒன்று மேல்நோக்கி நீண்டிருக்கிறது. அதன் நுனியில் ஒரு போல்ட் கேபிளைப் பிடித்திருக்கிறது. போல்ட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை கேபிள் வால்போல நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் நுனியில் இருக்க வேண்டிய அலுமினியத் தொப்பி எப்போதோ விழுந்துவிட்டிருக்கிறது. கம்பி இழைகள் பிரிந்து துடைப்பக் குச்சிகளைப்போல விரிந்து நிற்கின்றன. அவற்றில் மூன்று வெள்ளையாக இருந்தன.

நீங்கள் கேட்ட கேள்விதான் விடை. சிறிய பல்சக்கரத்தில் இருந்தால் அந்தக் கை வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது, வால் டயரைத் தொடுவதில்லை. பெரியதுக்கு மாற்றினால் கை உள்ளே சாய்ந்து வால் நேராகக் குமிழ்களின் மேல் போய் நிற்கிறது. எப்போதும் சிறியதில் மாற்றிவிட்டுத்தான் நிறுத்துவேன். கீழ்த்தளத்தில் மெதுவாகச் சுற்றியபோதும் சிறியதுதான். அதனால் கையால் சுழற்றும்போது சத்தமே வரவில்லை.

டயரின் பக்கச்சுவரில், வலப்புறம், மயிரிழை அளவுக்கு ஒரு கீறல் சுற்றிலும் ஓடியிருக்கிறது. நான்கு நாளில்! இன்னும் இரண்டு வாரம் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

வாலை வெட்டிவிட்டால் போதுமா?

தேக்கா பழுதாளர்
புதன், இரவு 10.45

நல்ல வேளை, பார்த்துவிட்டீர்கள். வெட்டுவதில் கவனம் வேண்டும். சாதாரணக் குறடால் நசுக்கினால் இழைகள் மறுபடி பிரியும். கேபிள் வெட்டியால் ஒரே அழுத்தில் வெட்டுங்கள். போல்ட்டுக்கு வெளியே ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. விட்டால் போதும். பிறகு புதுத் தொப்பியை மாட்டி இரண்டு இடத்தில் நசுக்குங்கள். வாலை டயருக்கு எதிர்ப்பக்கம், அதாவது வெளியேயும் கீழேயும், மெதுவாக வளைத்துவிடுங்கள். பெடலும் குதிகாலும் அதைத் தொடாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஏற்கெனவே பிரிந்த இழைகள் போல்ட் வரைக்கும் போயிருந்தால் வெட்டிப் பயனில்லை, கேபிளையே மாற்றிவிடுங்கள்.

அதற்குப் பிறகு முக்கியமான வேலை இருக்கிறது. பெரிய பல்சக்கரத்தில் வைத்துக்கொண்டு, கியர் கைப்பிடியை முடிந்த மட்டும் உள்ளே தள்ளிப் பிடியுங்கள். அப்போது அந்தக் கை அதிகபட்சம் உள்ளே வரும். அந்த நிலையில் கையின் நுனிக்கும் டயருக்கும் நடுவே ஆலன் சாவியை நுழைத்துப் பாருங்கள். வால் போனாலும் கையே இடிக்கலாம். அந்தக் காலத்துச் சாலைச் சைக்கிள்களின் முன் கியர் மாற்றிகளில் கை நீளம். 23, 25 மி.மீ. டயர்களை மனத்தில் வைத்துச் செய்தவை. சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ 2016இல் கொண்டுவந்த டூரா-ஏஸ் 9100 வரிசையில் அந்த நீண்ட கையை எடுத்துவிட்டுக் குட்டையான அமைப்பை வைத்தார்கள். அடுத்தடுத்து அவர்களுடைய அல்டெக்ரா, 105 வரிசைகளுக்கும் அது வந்தது. பெரிய டயர்களுக்கு இடம் கிடைத்தது அப்படித்தான்.

ஈசூன் தங்கை, உங்களுக்கு நாளைக் காலை எழுதுகிறேன். அதுவரை அந்தப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள், அந்த வண்டியை ஓட்ட வேண்டாம்.

பழைய இரும்பு
வியாழன், காலை 6.30

கேபிளும் டயரும் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது இதுதான். என்னைப்போலப் பழைய கேன்டிலீவர் பிரேக் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். டயருக்கு மேலே இரண்டு பிரேக் கைகளையும் இணைத்துக் குறுக்கே ஒரு கேபிள் போகும். நடுவில் மேலே இழுக்கும் முதன்மைக் கேபிள் அறுந்தால், அந்தக் குறுக்குக் கேபிள் அப்படியே டயர் மேல் விழும். குமிழ் டயர் என்றால் அதைக் கவ்வி இழுத்து முன் சக்கரத்தை நிறுத்திவிடும், ஓட்டுபவர் ஹேண்டிலைத் தாண்டிப் போய் விழுவார். முன் மட்கார்டோ ஒளிதிருப்பியின் தாங்கியோ இருந்தால் அது கேபிளைத் தாங்கிக்கொள்ளும். அழகுக்காக அவற்றைக் கழற்றிவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மட்கார்ட் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. நம் சாலையோரங்களில் தூங்குமூஞ்சி மரங்கள் அதிகம். மழைக்குப் பிறகு அவற்றின் சின்னஞ்சிறு இலைகளும் ஈர்க்குகளும் டயரோடு ஏறி மட்கார்டின் உள்ளே அடைத்துக்கொள்கின்றன. மட்கார்ட் டயரைவிட 8 முதல் 10 மி.மீ. அகலமாகவும், நடுவில் விரல் நுழையும் இடைவெளியோடும் இருந்தால்தான் அவை தாமாக வெளியேறும்.

தேக்கா பழுதாளர்
வியாழன், காலை 9.00

ஈசூன் தங்கைக்கு.

ஹேண்டிலைத் திருப்பும்போது பிரேக் பிடிப்பதற்குக் காரணம், கட்டிய இடத்தில் கேபிள் உறைக்கு நகர வழியில்லை. திருப்பும்போது உறை இழுபடுகிறது, அது பிரேக்கை இழுக்கிறது. கட்டாமல் விட்டால் வளையம் டயரில் விழுகிறது. ஆகவே உறையின் நீளம்தான் தவறு. முன் பிரேக் உறை தேவைக்கு மேல் நீளமாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரு பழைய உறைத் துண்டை எடுத்து, பிரேக் கைப்பிடியிலிருந்து பிரேக் வரைக்கும் வைத்துப் பாருங்கள். ஹேண்டிலை இடப்பக்கம் முழுதும், வலப்பக்கம் முழுதும் திருப்புங்கள். பிறகு வண்டியை மடக்குங்கள். இந்த மூன்றிலும் எங்கும் விறைத்து நிற்காத அளவுக்குக் குறைவான நீளம் எதுவோ அதுதான் சரியான நீளம். மடக்குச் சைக்கிளில் பெரும்பாலும் மடக்கும் நிலைதான் அதிக நீளத்தைக் கேட்கும், அதைப் பார்க்காமல் வெட்டினால் மடக்கும்போது உறை முறிந்துவிடும். கேபிள்களைச் சேர்த்துப் பிடிக்க வேண்டுமானால், இறுக்கும் பட்டை வேண்டாம். உறை உள்ளே வழுக்கிப் போய்வரும் தளர்ந்த வளையமோ ‘எஸ்’ வடிவக் கொக்கியோ போதும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். பிரேக் உறையும் கியர் உறையும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்றல்ல. வெட்டிய முனையைப் பாருங்கள். பிரேக் உறையில் கம்பி சுருள்போலச் சுற்றியிருக்கும். கியர் உறையில் கம்பிகள் நீளவாக்கில் கற்றையாக ஓடும். கியர் உறையைப் பிரேக்குக்குப் போட்டால், பலமாகப் பிடிக்கும் நேரத்தில் அது பிளந்துவிடும். அந்த நொடியில் உங்களுக்குப் பிரேக் இருக்காது. வெட்டிய முனையை அரத்தால் தட்டையாக்கி, உள்ளே நசுங்கிய பிளாஸ்டிக் குழலை ஊசியால் திறந்துவிட்டு, மூடியை மாட்டுங்கள். கம்பி தெரியும் கியர் உறையை மாற்றியே ஆக வேண்டும். தண்ணீர் உள்ளே போய்த் துருப்பிடித்த பிறகு கியர் விழவே விழாது.

கிழக்குக்கரைக் காற்று
வியாழன், காலை 9.40

தேக்கா அண்ணன், நேற்று எழுதியதை மீட்டுக்கொள்கிறேன். காலையில் என் சைக்கிளைக் கவிழ்த்துப் பார்த்தேன். சீவிய பக்கத்துக் குழாயில் உலோகம் தெரிகிறது, விரலை வைத்தால் பள்ளம் உணர முடிகிறது. அலுமினியம்தான். இன்னும் ஓட்டலாமா?

தேக்கா பழுதாளர்
வியாழன், பிற்பகல் 12.15

நகத்தால் குறுக்கே வருடுங்கள். நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் ஓட்டாதீர்கள், நேரில் யாரிடமாவது காட்டுங்கள். பெயின்ட் மட்டும் போயிருந்தால், சுத்தம் செய்து பெயின்ட் தொட்டுவைத்து, சிறிய டயருக்கு மாறுங்கள். மாதம் ஒருமுறை அந்த இடத்தில் விரிசல் கோடு தெரிகிறதா என்று பாருங்கள்.

பொங்கோல் சக்கரம்
ஞாயிறு, மாலை 5.30

வாலை வெட்டித் தொப்பி மாட்டினேன். சத்தம் அன்றே நின்றுவிட்டது. ஆனால் அண்ணன் சொன்னபடி கைப்பிடியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அளந்தபோது 4 மி.மீ. சாவி கையின் நுனிக்கும் டயருக்கும் நடுவே போகவில்லை. 2.5 சாவி போனது, 3 சாவி லேசாக உரசியது. கீழ்க்குழாய்களின் பக்கம் 5 மி.மீ. இருந்தது. ஆக இந்தச் சைக்கிளில் இடம் இல்லாதது குழாயில் அல்ல, கியர் மாற்றியின் கையில்தான்.

குட்டைக் கை உள்ள கியர் மாற்றி வாங்கலாமா என்று யோசித்தேன். பொருத்தப் பட்டியலைப் பார்த்து, விலையையும் பார்த்தபின், இப்போதைக்குப் பின்னால் மட்டும் 32 மி.மீ. டயர் போட்டுவிட்டேன். முன்னால் 35 அப்படியே இருக்கிறது. ஃபோர்க்கில் எல்லாப் பக்கமும் 6 மி.மீ. சாவியே தாராளமாகப் போகிறது. 32 டயரைக் காற்றோடு இரண்டு நாள் நிறுத்திவைத்து, பிறகு அளந்தேன். 33.1 மி.மீ. வந்திருக்கிறது. கையின் நுனியில் 4 சாவி இப்போது தொடாமல் போகிறது.

இன்று காலை புக்கிட் தீமா பழைய ரயில் நிலையத்திலிருந்து வடக்கே ஓட்டினேன். விடியற்காலை மழை பெய்திருந்தது. இரும்புப் பாலத்தைத் தாண்டியதும் பாதையெல்லாம் சேறு. வழியில் நிறுத்திக் குனிந்து பார்த்தேன். கியர் மாற்றிக் கையின் உட்பக்கம் சேறு அப்பியிருந்தது, ஆனால் டயர் அதை வழித்துக்கொண்டுதான் போயிருக்கிறது, எங்கும் அடைக்கவில்லை. 35 டயரோடு வந்திருந்தால் அந்தச் சேறு எங்கே போயிருக்கும் என்று அங்கேயே நின்று யோசித்தேன்.

கழற்றிய 35 டயரை என்ன செய்வது? கீறல் விழுந்ததைத் தவிர புதிதுதான்.

ஈசூன் மடக்கு வண்டி
ஞாயிறு, இரவு 8.20

தேக்கா அண்ணன், மிக்க நன்றி. உறையை ஒரே நாளில் மாற்றிவிட்டேன். அளந்து பார்த்ததில் பழைய முன் பிரேக் உறை 9 செ.மீ. அதிகம். மடக்கியும் திருப்பியும் பார்த்துவிட்டுத்தான் வெட்டினேன். ஊசியால் முனையைத் திறக்காமல் முதலில் மாட்டியதில் கைப்பிடி கல்போல இருந்தது. திறந்த பிறகு இரண்டு விரலால் பிடிக்க முடிகிறது. இன்று ஈசூனிலிருந்து செம்பவாங் பூங்கா வரை போய்வந்தேன். முன் டயரில் ஒரு கோடுகூட விழவில்லை.

தேக்கா பழுதாளர்
ஞாயிறு, இரவு 9.00

இரண்டு பேருக்கும் மகிழ்ச்சி. பொங்கோல் தம்பி, அந்த டயரைக் காற்றில்லாமல் கீறல் இருக்கும் இடத்தில் வெளிப்பக்கமாக வளைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். ரப்பர் மட்டும் பிளந்திருந்தால் முன் சக்கரத்துக்கு மாற்று டயராக எடுத்துவைக்கலாம். உள்ளே நூல் தெரிந்தால், அதுவும் ஓரிரண்டு நூல் அறுந்திருந்தால், யாருக்கும் கொடுக்காதீர்கள், வெட்டிப் போட்டுவிடுங்கள்.

பொங்கோல் சக்கரம்
ஞாயிறு, இரவு 9.25

நூல் தெரிகிறது. ஓரிடத்தில் மூன்று அறுந்திருக்கிறது. வெட்டிவிட்டேன்.